யாருடைய விரலில் பார்த்த கணக்கு?

விரலில் மாட்டிக் குருதியின் ஒட்சிசன் நிறைவைக் காட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர்களைச் சோதிக்கும் முறையைத் திருத்தி, 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. ஒரு வரைவை வெளியிட்டது. 2013 வழிகாட்டலுக்குப் பத்துப் பேர் போதும்; அவர்களில் இருவர் அல்லது 15 வீதத்தினர், எது கூடவோ அது, கருந்தோலினராக இருந்தால் சரி. புதிய வரைவு 150 பேராவது வேண்டுமென்கிறது. தோல் நிறத்தை மொங்க் அளவுகோலில் பதியச் சொல்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. உடற்பயிற்சிக்கென்று விற்கும் கருவிகளைத் தொடாது. எங்கள் ரொறன்ரோ வார்டுகளில் இன்று விரல்களில் மாட்டியிருப்பவை நாளையும் அவையேதான்.

திரையில் வருவது நோயாளியின் குருதியை நேரே அளந்த எண் அல்ல. 660, 940 நனோமீற்றர் ஒளிகளின் விகிதத்தை, முன்பு தன்னார்வலர்களின் நாடிக் குருதியோடு ஒப்பிட்டுப் போட்ட அட்டவணையில் தேடிக் கருவி சொல்லும் பதில். அந்த விரல்களில் நம்மவர் விரல் எத்தனை? 2020 டிசம்பரில் வந்த மிச்சிகன் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது நாடியில் 88க்குக் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 வீதம்; கறுப்பினத்தவரிடம் 11.7 வீதம். மாநிறத்தார் எங்கே நிற்கிறோம் என்று அந்த இரண்டு எண்களும் சொல்லவில்லை.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) உள்ளவருக்கு 88–92 இலக்கு வைக்கிறோம். காபனீரொட்சைட்டு ஏறிவிடும் என்று ஒட்சிசனை இறுக்கிப் பிடிப்பது நியாயம்தான். ஆனால் திரையில் 88 நிற்கும்போது நாடியில் 84 இருந்தால், ஒட்சிசன் வளைகோட்டின் செங்குத்தில் நிற்பவரை நாமே கீழே விடுகிறோம். காபனீரொட்சைட்டைப் பற்றியோ கருவி வாயே திறக்காது.

பல வருடங்களுக்கு முன், இங்குள்ள ஒரு மருத்துவமனையில் இரவு வேலை. திரையில் 93. கட்டிலில் இருந்த அம்மா தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்செடுத்தபடி, "மூச்சு காணாது தம்பி" என்றார். பொறுப்பில் இருந்தவர் திரையைப் பார்த்தார். "பதற்றம்" என்று எழுதினார். விடிய எடுத்த குருதி வாயுவில் 86.

அந்த ஒரு சொல்லோடுதான் அன்றிலிருந்து எனக்கு வழக்கு. பதற்றம் என்றால் குறை நோயாளியுடையது, கருவி தப்பிவிடும். கனடாவின் வனெசா சட்டத்தின் கீழ், 2019 டிசம்பர் 16 முதல் மருத்துவமனைகள் பாரதூரமான கருவிச் சம்பவங்களை 30 நாட்களுக்குள் ஹெல்த் கனடாவுக்கு அறிவிக்க வேண்டும். பிழையைப் பதற்றம் என்று எழுதிவிட்டு எதை அறிவிப்பது? ஒட்டாவாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கருந்தோலில் கருவி தவறுவதை ஜுப்ரான், டோபின் என்ற ஆய்வாளர்கள் 1990இலேயே அச்சில் போட்டுவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக ஆய்விதழில் கிடப்பதை வாசிக்க எங்கள் முறைப்பாடு எதற்கு?

இருந்தாலும் முறைப்பாடு செய்வோம். மூச்சும் திரையும் ஒத்துவராவிட்டால் நாடியில் குத்துங்கள். இரண்டு எண்களையும் நேரம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி நோயாளியைப் பாதித்திருந்தால், பாதிக்கக்கூடுமென்றாலும், சம்பவ அறிக்கை போடுங்கள். "பதற்றம்" என்று எழுதத்தான் வேண்டுமென்றால், குருதி வாயு வந்த பிறகு எழுதுங்கள்.