வேகம் என்னும் மூடநம்பிக்கை

ஈமாக்ஸ் பயன்படுத்தும் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு வெகுவிரைவில் ஓரிடத்துக்கு வந்து சேரும். "உங்களுடையது திறக்க எத்தனை நொடி?" ஒருவர் இரண்டு என்பார். மற்றவர் அரை நொடிக்கும் குறைவு என்று சொல்லிவிட்டு மௌனமாகப் புன்னகைப்பார். அந்தப் புன்னகைக்குப் பின்னால் பல வார இரவுகளின் உழைப்பு இருக்கும். அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. தமிழ்ப் பிரதிகளோடு வேலை செய்பவர்களுக்கு அது வீண் மட்டுமல்ல, தீங்கும்கூட.

நிரலாளர்களின் உரைதிருத்தி ஒன்றைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். பழைய நூல்களை மின்வடிவில் மெய்ப்புப் பார்ப்பவர்கள், பாடபேதங்களைத் தொகுப்பவர்கள், சொல்லடைவு தயாரிப்பவர்கள் எனச் சிலராவது இன்று வேர்டை விட்டு இத்தகைய கருவிகளுக்கு வந்திருக்கிறார்கள். எளிய உரைக்கோப்பு எந்த நிறுவனத்தையும் நம்பி இருப்பதில்லை. ஆகவே அவர்கள் வந்தது சரி. ஆனால் வந்தவுடன் அவர்கள் கையில் கிடைப்பது 'ஈமாக்ஸை விரைவாக்குவது எப்படி' என்ற வகைக் குறிப்புகளும், யாரோ தனக்காக எழுதிக்கொண்ட ஆயிரம் வரி அமைவுக்கோப்பும்தான். அதை அப்படியே நகலெடுத்துக்கொள்கிறார்கள். என் சண்டை அந்த நகலெடுப்போடு.

ஈமாக்ஸின் பிறப்பே இந்தச் சிக்கலிலிருந்து நிகழ்ந்தது என்பதை நினைவூட்ட வேண்டும். எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்றொரு திருத்தி இருந்தது. ஒவ்வொருவரும் அதற்குத் தமக்கென்று குறுங்கட்டளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் முனையத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாத நிலை வந்தது. அவற்றை ஒன்றுதிரட்டும் முயற்சியைக் கை ஸ்டீல் தொடங்க, 1976இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முழுமையாக்கினார். பொதுவான அடித்தளம், அதன்மேல் அவரவர் தேவைக்கான மாற்றம் என்பதே அன்று எட்டிய உடன்பாடு. இன்று நாம் தலைகீழாகச் செய்கிறோம். தேவை என்னவென்று தெரிவதற்கு முன்பே மாற்றங்களை இறக்குமதி செய்துகொள்கிறோம்.

திறக்கும் வேகத்தை எடுத்துக்கொள்வோம். எந்த அமைவும் இல்லாத ஈமாக்ஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துவிடும். தாமதம் வருவது நாம் சேர்த்த பொதிகளால். தேவைப்படும் கணத்தில் மட்டும் ஒரு பொதியை ஏற்றச் சொல்வது நியாயமான வழி. யூஸ்-பேக்கேஜ் அதற்கு உதவும், 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குப் பின்னும் தாமதம் உறுத்தினால் பின்னணிச் சேவையாக ஓடவிடும் வசதி 2009இல், 23ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. காலையில் ஒருமுறை தொடங்கினால் இரவு வரை ஒவ்வொரு சாளரமும் உடனுக்குடன் திறக்கும். ஒரு நாளைக்கு ஒருமுறை திறக்கும் கதவின் கீலுக்கு மாதக்கணக்கில் எண்ணெய் விடுபவரை நாம் என்னவென்று சொல்வோம்?

குறிப்புகளின் அடுத்த மந்திரம் குப்பை சேகரிப்பு. ஈமாக்ஸின் லிஸ்ப் மொழி தான் பயன்படுத்தி முடித்த நினைவிடத்தை அவ்வப்போது கூட்டித் திரட்டும். ஏறத்தாழ 800 கிலோபைட் புதிதாகச் செலவானதும் கூட்டத் தொடங்குவது இயல்பு நிலை. தொடக்கத்தின்போது மட்டும் இந்த வரம்பை உயர்த்திவிட்டுப் பிறகு இறக்கிவிடுவது பயனுள்ள உத்தி. ஆனால் பலருடைய கோப்புகளில் உயர்த்தும் வரி இருக்கிறது, இறக்கும் வரி இல்லை. விளைவு, கூட்டுதல் அரிதாக நடக்கிறது, நடக்கும்போது நெடுநேரம் நடக்கிறது. ஒரு வாக்கியத்தின் நடுவில் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கையில் திரை உறைந்து நிற்கிறது. திறக்கும்போது மிச்சம் பிடித்த அரை நொடியை எழுதும்போது வட்டியோடு கட்டுகிறார்கள். திறக்கும் நேரத்தைச் சொல்ல ஈமாக்ஸில் ஒரு கட்டளை உண்டு, அந்த எண்ணைப் பெருமையாகக் காட்டலாம். எழுத்தின் நடுவே வரும் விக்கலை எந்த எண்ணும் காட்டாது. ஆகவே அது யாருக்கும் உறுத்துவதில்லை.

இதுவரை சொன்னது எல்லா மொழியினருக்கும் பொது. இனி வருவது நம்மைப் பற்றியது.

'எழுத்துக் கோப்பை அணைத்துவிடுங்கள், திரை விரைவாகும்' என்றொரு அறிவுரை உலவுகிறது. ஆங்கிலத்தில் நிரல் எழுதுபவருக்கு இதனால் இழப்பேதும் இல்லை. தமிழில்? ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் ஓர் உயிர்க்குறியும் அடுத்தடுத்து நிற்கும் இரு குறியீடுகள். கொம்பை ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்தி ஓர் எழுத்தாக வடிப்பது இந்தக் கோப்புதான். 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்னும் வடிவமைப்பு நூலகம் இதைச் செம்மையாகச் செய்கிறது. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கத்தான் செய்யும், ஆங்கில எழுத்துக்கு அந்த வேலையே இல்லை. கோப்பை அணைத்தால் திரை விரைவாகும், உயிர்க்குறிகள் மெய்யோடு ஒட்டாமல் சிதறி நிற்கும். நம் எழுத்தின் இயல்பையே ஒருவர் 'வேகத்தடை' என்று பெயரிட்டு வைத்திருக்கிறார், நாம் அதையும் சேர்த்து நகலெடுக்கிறோம்.

இன்னொன்று, வலமிருந்து இடம் செல்லும் எழுத்துகளுக்கான வரிசைமாற்றத்தை நிறுத்திவிடும் வரி. அது திருத்தியை உருவாக்குபவர்கள் பிழை தேடுவதற்கென்று வைத்தது, அன்றாடப் பயன்பாட்டுக்கு அன்று என்பது ஈமாக்ஸின் சொந்த விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழுக்கு அது எதற்கு என்று அவசரப்பட வேண்டாம். அரபுத்தமிழ் என்று ஓர் இலக்கியப் பரப்பு நமக்கு இருக்கிறது. தமிழ் மொழி, அரபு எழுத்து. அந்த நூலொன்றிலிருந்து ஒரு பத்தியை மேற்கோளாகச் சேர்க்கும் நாளில் அந்த ஒற்றை வரி பத்தியைத் தலைகீழாக்கும். எந்த வரி காரணம் என்று ஆயிரம் வரிகளில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

'அப்படியானால் எதையும் மாற்றக் கூடாதா?' என்று நண்பர்கள் கோபிப்பார்கள். நான் மாற்றத்துக்கு எதிரி அல்லன். எனக்கு வேண்டிய மாற்றம் வேறு வகை. ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்வடிவத் தமிழ் நூல்களில் மிகப் பரவலான பிழை ஔகாரப் பிழை. 'மௌனம்' என்பதில் உள்ள ஔகாரக் குறியை இடாமல், கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடினால் அகப்படாது. சொல்லடைவு தயாரித்தால் ஒரே சொல் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரே மாற்றாகக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தவும் முடியாது. 'தெளிவு' என்ற சொல்லில் உள்ளது உண்மையான ளகரம். 'ஔவை'யைச் சரிசெய்யப் போய் 'ஒளி'யைக் கெடுத்துவிடலாம்.

ஆகவே நான் எழுதிக்கொண்ட கட்டளை இப்படி வேலை செய்கிறது. ளகரத்தை அடுத்து ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாமல் கடந்துவிடும். மற்ற இடங்களில் நின்று என்னைக் கேட்கும். ஆம் என்றால் மாற்றும், இல்லை என்றால் அடுத்ததற்குப் போகும். கேட்டு மாற்றும் வசதி ஈமாக்ஸில் ஏற்கெனவே இருப்பதுதான், அதற்குத் தமிழ் இலக்கணம் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவே. கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்ட ஒகரங்களை ஒற்றைக் குறியாக்க நான் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஒருங்குறி இயல்பாக்கத்துக்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. அமைவுக்கோப்புகளை நகலெடுப்பவர்களில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. தமிழ்99 விசைமுறையும் உள்ளேயே இருக்கிறது, அதற்காகப் பொதி தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டுக் கேட்டு நிற்கும் கட்டளை மெதுவானது என்று ஒரு மாணவர் குறைபட்டார். மெதுவானதுதான். முந்நூறு பக்க நூலுக்கு ஒரு பிற்பகல் முழுக்க ஆகும். ஆனால் மெய்ப்புப் பார்ப்பதென்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நின்று முடிவெடுப்பதுதானே? அந்த முடிவை விரைவுபடுத்தும் வரி எதையும் யாரும் எழுதித் தர முடியாது.

இப்போது அந்த மாணவரும் நானும் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் நேரும் குழப்பத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். படத்திலிருந்து எழுத்தாக்கிய நூல்களில் அது ஏராளம். இலக்கண விதி ஒன்றை மட்டும் வைத்து அதைப் பிடிக்க முடியாது, சொற்பட்டியல் ஒன்றையும் ஈமாக்ஸ் படிக்க வேண்டியிருக்கும். அது ஏறும்போது திறக்கும் நேரம் கூடும்.