ஒரே ஆளை எத்தனை இடத்தில் எழுதுவீர்கள்?

போன மாதம் ஓர் அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வாழ்த்து அட்டை. இங்கே புழலில் எங்கள் ஓய்வூதியர் சங்கம் அவருடைய கணவருக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மாலை வாங்கிக்கொண்டு போனதும் இதே சங்கம்தான். "சார், உங்க கணக்குல அவர் இன்னும் இருக்காரா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சங்கத்தில் நான்கு எக்செல் தாள்கள். சந்தா, விலாசம், பிறந்தநாள், குடும்பநல நிதி. நான்கிலும் அவர் பெயர். மூன்றில் எடுத்தோம், ஒன்றில் மறந்தோம். "டைப் அடித்த பையன் தப்பு" என்கிறார்கள் நிர்வாகிகள். இல்லை ஐயா! ஒரே மனிதரை நான்கு இடத்தில் எழுதி வைத்தது நம் தப்பு.

ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-லேயே இதற்கு வழி எழுதிவிட்டார். ஆளுக்கு ஒரு வரி, ஓர் எண். அலுவலகத்தில் வந்த தபாலுக்கெல்லாம் தன்பதிவேட்டில் எண் போட்டோமே, அதுபோல. சந்தா அட்டவணையில் அந்த எண் மட்டும் இருக்கும். பெயர் ஒரே இடத்தில் இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது புதிதாகப் படவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் 'எத்தா சிவில்' முறையில் திருமணத்துக்குத் தனி ஏடு உண்டு. ஆனாலும் பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதைச் சுட்டி ஒரு குறிப்பு ஏறும். ஓர் ஏடு இன்னோர் ஏட்டுக்குக் கைகாட்டும்.

அந்த அம்மாள் போன மறுநாளே லிப்ரே ஆபீஸ் பேஸ் மென்பொருளை இறக்கிக்கொண்டேன். காசு கிடையாது. மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். முதலில் கைப்பேசி எண்ணையே உறுப்பினர் எண்ணாக வைத்தேன். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கைப்பேசி. இரண்டாவது ஆளை ஏற்க மறுத்துவிட்டது. பிறகு தனி எண் கொடுத்து, உறுப்பினர் அட்டவணையையும் சந்தா அட்டவணையையும் கோடு இழுத்து இணைத்தேன். இறந்தவர் வரியை நீக்கப் பார்த்தேன். அவர் கட்டிய சந்தா இருக்கிறது, நீக்க முடியாது என்றது. கோபம் வந்தது. யோசித்தால் அதுதான் நியாயம். இறந்த தேதிக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அது காலியாக இருப்பவர்களுக்கு மட்டும் இனி வாழ்த்து போகும்.

"இந்த வயதில் எதற்கு சார்?" என்கிறார்கள். ராயபுரத்தில் முப்பது வருஷம் பதிவேடு எழுதிய குமாஸ்தா வேறு எதைக் கற்க வேண்டுமாம்? "எக்செல் போதாதா?" என்கிறார்கள். கூட்டிக் கழிக்கப் போதும். செய்த தப்பைத்தான் அந்த அம்மாள் கையில் பார்த்தோமே.

தரவுக்கு பிரெஞ்சில் 'தொனே' என்பார்கள். 'கொடுக்கப்பட்டவை' என்று பொருள். மக்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. வாங்கிக்கொண்டவன் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டாமா?

அந்த அட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அதைக் காட்டித்தான் பேசப் போகிறேன்.