மதிப்பெண் பலகையில் ஏறாத அழகு

2024 பாரிஸ் ஒலிம்பிக், ஆண்கள் ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டிங் இறுதிச்சுற்று. ஜப்பானின் யூட்டோ ஹோரிகோமே 281.14 புள்ளிகள், அமெரிக்காவின் ஜாகர் ஈட்டன் 281.04. பத்தில் ஒரு புள்ளியில் தங்கம் கைமாறியது. ஹோரிகோமேயின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்குத்தான். ஆனால், ஸ்கேட்போர்டிங் வீடியோக்களிலேயே ஊறிப்போன ரசிகரிடம் பெரிய ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒலிம்பிக் பக்கமே போகாத டாம் பென்னியையோ மார்க் கோன்சாலஸையோதான் சொல்வார். நியாயம் ரசிகர் பக்கம்தான் இருக்கிறது.

ஸ்கேட்போர்டிங் உலகில் பெயர் எடுப்பது போட்டியில் அல்ல, வீடியோவில். 1984-இல் பவல் பெரால்டா நிறுவனம் ‘போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ’வை எடுத்தது பலகை விற்கத்தான். விளம்பரமாகத் தொடங்கியதே பிறகு தனிக் கலையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள், பின்னணியில் ஒரு பாட்டு. அதை ‘பார்ட்’ என்பார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக அலைந்து, விழுந்து, காவலாளிகளால் விரட்டப்படுவார்கள்.

ஒரே வித்தையை இருவர் செய்வதைப் பார்த்தால் விஷயம் புரியும். ஃப்ரன்ட்சைடு ஃபிளிப் என்று ஒன்று உண்டு. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அறைந்து எழும்ப வேண்டும். முன்காலின் விரல் நுனியால் ஓரத்தைத் தட்டிப் பலகையைப் புரளவிட வேண்டும். அந்தரத்திலேயே உடலும் பலகையும் அரைவட்டம் திரும்ப வேண்டும். ஆண்ட்ரூ ரெனால்ட்ஸ் இதைச் செய்யும்போது உயரமும் உறுதியும் தெரியும். புரண்ட பலகையை உச்சியிலேயே காலால் பிடித்து, அப்படியே இறக்குவார். இங்கிலாந்துக்காரரான டாம் பென்னி 1990-களின் நடுவில் செய்தது வேறு மாதிரி. தொளதொளவென்ற கால்சட்டை, தொங்கவிட்ட கைகள், முகத்தில் சலனமே இல்லை. கடைத்தெருவுக்குப் போகிறவர் வழியில் ஒரு படிக்கட்டைத் தாண்டிவிட்டுப் போவது போலிருக்கும். பென்னியைப் பார்த்துவிட்டுப் பலகையை எடுத்த ஒரு தலைமுறையே உண்டு.

கிரிக்கெட்டில் மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப் வழியாக ஓடிய பந்தும் நான்குதான், அழகான கவர் டிரைவும் நான்குதான். ஸ்கோர் புத்தகத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்கேட்போர்டிங் நடுவர்கள் அந்த அளவுக்குக் கண்மூடிகள் அல்ல. செய்யும் விதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்தான். என்றாலும், விழுந்தால் அந்த வித்தைக்குப் பூஜ்யம்.

விழுந்ததாலேயே வரலாறான வித்தை ஒன்று இருக்கிறது. ஜீரோ நிறுவனத்தின் 1997 வீடியோ ‘த்ரில் ஆஃப் இட் ஆல்’. சான் டியேகோவில் ஒரு பள்ளியின் மேல்தளத்திலிருந்து சுமார் 18 அடி கீழே குதிக்கிறார் ஜேமி தாமஸ். ஒரு கை பலகையைப் பற்றியிருக்கிறது. கால்கள் பலகைமேல்தான் இறங்குகின்றன, ஆனால் உருண்டு வெளியேற முடியவில்லை. போட்டி விதிப்படி இது ஒன்றுமே இல்லை. ரசிகர்களோ அதற்கு ‘லீப் ஆஃப் ஃபெய்த்’ என்று பெயரிட்டு இன்றுவரை பேசுகிறார்கள். பிறகு அந்த இடத்தில் லிஃப்ட் கட்டிவிட்டதால் இனி யாரும் முயன்றுகூடப் பார்க்க முடியாது. இதே ஜேமி தாமஸ்தான் பின்னாளில் மாமல்லபுரம் வந்து, வெள்ளை கவுனில் வெறுங்காலோடு சறுக்கிய சிறுமி கமலியைப் படமெடுத்தவர். ஸ்கேட்போர்டிங் நட்சத்திரம் டோனி ஹாக் அதைப் பகிர, படம் உலகமெல்லாம் சுற்றியது. வித்தை என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நிற்பும் துணிச்சலும்தான் கண்ணை நிறுத்தின.

ஸ்டைலில் பாதியைக் கேமராவே தீர்மானிக்கிறது. 1995-இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தெளிவு குறைவுதான். ஆனால் அதன் மைக்கில் பலகை தரையில் அறையும் சத்தமும், சொரசொரப்பான சிமெண்ட்டில் சக்கரம் உறுமுவதும் அப்படியே பதிவாகும். படம்பிடிப்பவரும் இன்னொரு பலகையில் பின்னாலேயே உருண்டு, மீன்கண் லென்ஸைத் தரையோடு பிடித்திருப்பார். அடுத்து வந்தது ஸ்லோமோஷன் மோகம். ‘ஃபுல்லி ஃபிளேர்டு’ (2007) படத்தின் வெடிப்புக் காட்சிகளை முதல்முறை பார்க்கும்போது வாய் பிளக்கும். நான்காவது முறை பொறுமை சோதிக்கும். ‘வீ ஆர் பிளட்’ (2015) டிரோனைப் பறக்கவிட்டு ஊரைக் காட்டியது, காலைக் காட்ட மறந்தது. வில்லியம் ஸ்ட்ரோபெக்கின் ‘செர்ரி’ (2014) அதற்கு நேரெதிர்: முகத்தருகே ஜூம், தெரு இரைச்சல், வேடிக்கை பார்க்கும் ஆட்கள். உயிரோட்டம் இருக்கிறது. சில நேரம் அந்த ஜூமும் காலைத் தவறவிடுகிறது என்பது வேறு விஷயம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு 1991-இல் ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த ‘வீடியோ டேஸ்’ போதும். அரை மணி நேரத்துக்கும் குறைவுதான். பின்னாளில் ஹாலிவுட் நடிகரான ஜேசன் லீ அதில் பலகையோடு வருகிறார். ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் ஒலிக்க, மார்க் கோன்சாலஸ் கையை வீசி, தடுமாறுவது போல் தடுமாறி, அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்கவே விடாமல் போகிறார். அதே படத்தில் சிறுவனாக வந்த கை மரியானோ 16 ஆண்டுகள் கழித்து ‘ஃபுல்லி ஃபிளேர்டு’ படத்தில் மறுபடி அசத்தினார். வித்தைகள் பல மடங்கு கடினமாகியிருந்தன, ஆனால் அந்த அலட்டல் இல்லாத நிதானம் மாறவில்லை.

இன்று கைப்பேசியில் படமெடுத்து வெட்டி ஒட்டும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சக்கரம் தரையைத் தொட்டதும் காட்சியை வெட்டிவிடாதீர்கள். வித்தை முடிந்து ஒருவர் எப்படி உருண்டு போகிறார் என்பதில்தான் அவருடைய ஸ்டைல் தெரியும். மூன்று நொடி கூடுதலாக ஓடவிடுங்கள். பாட்டின் சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.