செங்கல்லும் ஆடம்பரம்தான்

2016-ல் நியூயார்க்கின் 'சுப்ரீம்' நிறுவனம் ஒரு செங்கல்லை விற்பனைக்கு வைத்தது. சாதாரணச் செங்கல்தான். ஒரு பக்கத்தில் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தது, அவ்வளவே. விலை 30 டாலர். வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. வாங்கியவர்கள் இணைய ஏலத்தில் அதையே பல மடங்கு விலை சொல்லி விற்கக் கிளம்பினார்கள். செங்கல்லால் பெரிய பயனில்லை என்பது வாங்கியவர்களுக்கும் தெரியும். அவர்கள் காசு கொடுத்தது பெயருக்கு.

ஆடம்பர உடை என்றால் உயர்ந்த துணி, நுணுக்கமான கைவேலை, தலைமுறை தலைமுறையாக வந்த பெயர் என்பதுதான் பழைய இலக்கணம். பருத்தி டி-ஷர்ட்டும், தலையில் போட்டுக்கொள்ளும் முக்காடு வைத்த 'ஹூடி'யும் இந்த இலக்கணத்தில் அடங்காதவை. பிறகு எப்படி அவை பாரிஸ் மேடைவரை போயின?

ஜேம்ஸ் ஜெபியா 1994-ல் மன்ஹாட்டனின் லஃபாயெட் தெருவில் 'சுப்ரீம்' கடையைத் திறந்தபோது, வாடிக்கையாளர்கள் ஸ்கேட்போர்ட் பையன்கள். சக்கரப் பலகையில் நின்றபடியே உள்ளே வரட்டும் என்று துணிகளைச் சுவரோரமாக மாட்டி, நடுவில் இடம் விட்டார். சரக்கைக் கொஞ்சமாகத்தான் தைக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, புதுச் சரக்கு இறங்குவது பிறகு வழக்கமானது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். பொருள் போதாமல் ஜனங்கள் வரிசையில் நிற்பது உலகெங்கும் நடப்பது. வரிசை நிற்க வேண்டும் என்பதற்காகவே பொருளைக் குறைப்பது வேறு சாமர்த்தியம்.

ஆனால் பற்றாக்குறை மவுசைத் தரும், அந்தஸ்தைத் தராது. அதற்குப் பெரிய வீட்டின் ஒப்புதல் வேண்டும். 2000-ல் 'சுப்ரீம்' தன் பலகைகளில் லூயி வுய்ட்டான் முத்திரையைப் போன்ற வடிவங்களை அச்சிட்டது. 1854-ல் தொடங்கிய அந்தப் பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வந்தது வக்கீல் நோட்டீஸ். 2017 ஜனவரியில் அதே லூயி வுய்ட்டான், பாரிஸில் தன் ஆண்கள் உடை அணிவகுப்பில் 'சுப்ரீம்' பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே மேடையேற்றியது. அந்த ஆண்டே கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனம் 'சுப்ரீமி'ல் ஏறக்குறையப் பாதியை வாங்கியது. மொத்த மதிப்பு 100 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

நோட்டீஸோடு தப்பித்தவர் ஜெபியா. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் 'டாப்பர் டான்' என்று அறியப்பட்ட டேனியல் டே, 1982-ல் 125-வது தெருவில் கடை போட்டார். கூச்சி, ஃபெண்டி, லூயி வுய்ட்டான் முத்திரைகளைத் தோலில் தானே அச்சிட்டு, அந்த நிறுவனங்கள் கனவிலும் நினைக்காத ஜாக்கெட்டுகளைத் தைத்தார். ராப் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் தேடி வந்தார்கள். இரவிலும் கடை திறந்திருக்கும். 1988-ல் அதிகாலை நேரத்தில் கடை வாசலில் மைக் டைசன் இன்னொரு குத்துச்சண்டை வீரரோடு கைகலந்தது பத்திரிகைகளில் வந்தது. கூடவே கடையின் பெயரும். முத்திரைக்குச் சொந்தக்காரர்களின் வக்கீல்கள் படையெடுத்தார்கள். ஃபெண்டிக்காக வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமயோர். 1992-ல் கடை மூடப்பட்டது.

சட்டப்படி அது சரிதான். அடுத்தவர் முத்திரையை அனுமதியில்லாமல் போட்டு விற்க யாருக்கும் உரிமை இல்லை. கதை அங்கேயே முடிந்திருந்தால் கேள்வி இல்லை. 2017-ல் ஃபிளாரன்ஸில் கூச்சி ஒரு ஜாக்கெட்டைக் காட்டியது. பலூன் போல உப்பிய கை, கையெங்கும் முத்திரை. ஓட்டப்பந்தய வீராங்கனை டயன் டிக்சனுக்காக 80-களில் டான் தைத்ததன் அச்சு அசல்; லூயி வுய்ட்டான் முத்திரை இருந்த இடத்தில் கூச்சியின் முத்திரை. 'திருட்டு' என்று கண்டனம் எழுந்தது. கூச்சி அதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்தது. பிறகு டானையே கூட்டாளியாக்கிக்கொண்டது. 2018-ல் ஹார்லெமில் அவருக்கு மறுபடி ஒரு தையற்கூடம் கிடைத்தது. இம்முறை துணியை அனுப்பியது கூச்சியே.

'சுப்ரீமு'க்கு ஏற்றம் நிலைக்கவில்லை. 2020-ல் வி.எஃப். நிறுவனம் அதை 210 கோடி டாலருக்கு வாங்கி, 2024-ல் 150 கோடிக்கு விற்றது. எங்கும் கிடைக்கத் தொடங்கினால் டி-ஷர்ட் மறுபடி டி-ஷர்ட் ஆகிவிடும் அபாயம் இந்த வியாபாரத்தில் எப்போதும் உண்டு.

டான் விஷயத்தில் கையும் ஊசியும் மாறவில்லை. தைத்ததும் அதே ஹார்லெமில்தான். 1992-ல் அது போலி. 2018-ல் ஆடம்பரம். நடுவில் மாறியது, அப்படிப் பெயர் வைக்கும் உரிமை உள்ளவர்களின் மனசு மட்டுமே.