துப்பாக்கி யாருடைய உரிமை?

ஆயுதம் ஏந்தும் உரிமை படையணிக்கு மட்டுமல்ல, தனிநபருக்கும் உண்டு என அமெரிக்க உயர்நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. இலங்கையின் 1978 அரசியலமைப்பில் அப்படியோர் உரிமை இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, துப்பாக்கி இங்கு வெறும் அனுமதிப்பத்திரம். அரசு கொடுக்கும், அரசே திருப்பிக் கேட்கும். தற்காப்புக்கு வழங்கியவற்றைக் கையளிக்குமாறு 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது இப்படித்தான்.

செட்டிபாளையம் போன்ற மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களுக்குக் கேள்வி வேறு. போர்க்காலத்தில் அரசு ஊர்காவல் படையினருக்கு ஆயுதம் கொடுத்தது. 2004க்குப் பின்னர் துணை ஆயுதக் குழுக்களும் கிழக்கில் துப்பாக்கியோடு நடமாடின. படுவான்கரையில் யானையிடமிருந்து வயலைக் காக்கும் விவசாயிதான் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆயுதம் பெருகினால் பாதுகாப்பு வராது என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். ஆகவே நாம் கேட்க வேண்டியது துப்பாக்கி உரிமையை அல்ல. எவர் கையில் துப்பாக்கி இருந்தாலும் அவரை நீதிமன்றில் பதில் சொல்ல வைக்கும் சட்டத்தையே.