யாருக்குக் கும்பிடு?

தில்லியில் நம்மவர் வீடுகளில் கவனித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அழகாகக் கைகூப்பி 'நமஸ்தே' சொல்லும் பிள்ளை, ஊரிலிருந்து வரும் பெரியப்பாவுக்கு 'ஹாய்' சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடும். சரி, 'வணக்கம்' சொல்லப் பழக்குவோம். ஆனால் யார் யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

காலில் விழுந்தால் மேலே ஒருவர், கீழே ஒருவர். கைகூப்பினால் எதிரில் இருப்பவரும் கூப்புவார்; கணக்கு சமம். 2020-ல் கொரோனா வந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோன்கூட இதற்கு மாறினார்.

அதற்காகக் கூப்பிய கையெல்லாம் நல்ல கை என்றில்லை. பகைவர் கும்பிட்டால் ஜாக்கிரதை என்கிறது 828-ஆம் குறள். 1948 ஜனவரி 30-ல், இதே தில்லியில், காந்தியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுட்டான் கோட்சே. மனசு சேராத கும்பிடு வெறும் வேஷம்.

நம் வேஷம் வேறு மாதிரி. மேலதிகாரிக்கும் ஹவுஸ் ஓனருக்கும் தானாக எழும் கை, கேட் திறக்கும் பீகார்க்காரருக்கு எழுவதில்லை. அவரும் நம்மைப்போல் பிழைக்க ஊரை விட்டு வந்தவர்தானே? மேலே இருப்பவருக்கு மட்டும் போடும் கும்பிடு பயத்தில் சேர்த்தி. பிள்ளைகள் நம் உபதேசத்தைக் கேட்பதில்லை, நம் கையைத்தான் பார்க்கிறார்கள். நாளைக் காலை கேட்டிலிருந்தே ஆரம்பிக்கலாமே!