பார்மட் எல்லா நோய்க்கும் மருந்தல்ல

லேப்டாப்பை ஆன் செய்கிறோம். விண்டோஸ் லோகோ வருகிறது. புள்ளிகள் நான்கு சுற்று சுற்றுகின்றன. பின்னர் நீலத் திரை, தானாகவே ரீஸ்டார்ட், மீண்டும் அதே நீலத் திரை. இந்தப் பிரச்னையுடன் சர்வீஸ் கடைக்குச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "பார்மட் பண்ணிடலாம் சார், எல்லாம் சரியாயிடும்." கோளாறு எதனால் வந்தது என்று கடைக்காரர் பார்ப்பதில்லை; நாமும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு மாலை நேர அலைச்சல். ஜவ்வாது மலை மேல், திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள புதூர்நாட்டுக்காரருக்கு அப்படி அல்ல. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து மலை இறங்கித் திருப்பத்தூர் போக வேண்டும். கொடுத்துவிட்டு வர ஒரு நாள், வாங்கி வர ஒரு நாள். இரண்டு நாள் கூலி போயிற்று. பதினைந்து நாளில் அதே நீலத் திரை வந்தால் மறுபடியும் அதே பயணம். பணத்தைவிடப் பெரிய இழப்பு சி டிரைவில் இருந்த பைல்கள். கல்லூரி விண்ணப்பத்திற்கும் உதவித்தொகைக்கும் ஸ்கேன் செய்து வைத்த சாதிச் சான்றிதழைத் திரும்ப ஸ்கேன் செய்யலாம். எழுதி முடித்த புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு எங்கே போவது?

உலகம் நின்ற நாள்

2024 ஜூலை 19 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பூட் ஆகும்போதே கிராஷ் ஆயின. மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்டேட்டை நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றது. ஆனால் ஏற்கெனவே விழுந்துவிட்ட பல கம்ப்யூட்டர்களால், திருத்தத்தைப் பெறும் அளவுக்குக்கூட பூட் ஆக முடியவில்லை.

அவற்றை எப்படிச் சரி செய்தார்கள்? சேப் மோடில் நுழைந்து, ஒரு போல்டரில் இருந்த ஒரு பைலை நீக்கினார்கள். அவ்வளவுதான். காரணம் தெரிந்திருந்ததால் வைத்தியம் சில நிமிட வேலையாக இருந்தது. அது பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் என்பதால் வீட்டு லேப்டாப்களை அந்தக் கோளாறு தொடவில்லை. பாடம் மட்டும் நமக்கும் பொருந்தும்.

முதலில் திரையைப் படியுங்கள்

நீலத் திரையில் ஸ்டாப் கோட் என்று ஒரு வரி இருக்கும். (விண்டோஸ் 11ல் 2025 முதல் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது.) கோளாறின் முதல் தடயம் அதுதான். அதைப் படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? இரண்டு மூன்று முறை பூட் தோல்வி அடைந்தால் ரெகவரி மெனு தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் எனச் சென்று ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் 9ஐ அழுத்தினால் தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும். திரையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேப் மோட். மிக அவசியமான டிரைவர்கள் மட்டுமே இதில் இயங்கும். சேப் மோடில் லேப்டாப் ஒழுங்காக இயங்குகிறது என்றால், சமீபத்தில் வந்த டிரைவர், அப்டேட் அல்லது புரோகிராம் ஒன்றின் மேல்தான் முதல் சந்தேகம். அதை நீக்கிப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி உள்ளது. இது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் பதிவாகி, மறுநாள் காலை அப்படியே எடுத்து வைக்கப்படும். நேற்றைய கோளாறும் சேர்ந்து வரும். ரீஸ்டார்ட் செய்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். காலையில் ஆன் செய்தால் கிராஷ், ரீஸ்டார்ட் ஆனதும் நன்றாக ஓடுகிறது என்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று பாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

விண்டோஸா, ஹார்ட்வேரா?

இதை அறிய எளிய வழி லினக்ஸ் பென்டிரைவ். அதிலிருந்து பூட் செய்து ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். நன்றாக ஓடினால் மதர்போர்டும் ராமும் பெரும்பாலும் நலம். விண்டோஸையோ ஹார்ட் டிஸ்க்கையோதான் சோதிக்க வேண்டும். லினக்ஸிலும் உறைந்து நின்றால், விண்டோஸை எத்தனை முறை பார்மட் செய்தாலும் பயன் இல்லை. 2011ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விண்டோஸ் படுத்த நாளில் பைல்களை மீட்க அதுவே கைகொடுத்திருக்கும்.

புதூர்நாட்டு மாணவி ஒருவரின் லேப்டாப் என்னிடம் வந்தபோது அதற்கு மூன்று முறை பார்மட் முடிந்திருந்தது. இவென்ட் வியூவரில் பார்த்தால் "கெர்னல் பவர் 41" என்ற பதிவு வரிசையாக இருந்தது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பது அதன் பொருள். ஒவ்வொன்றிலும் பிழை எண் பூஜ்யம். அதாவது விண்டோஸ் நீலத் திரையைப் பதிவு செய்யக்கூட நேரமின்றி கரண்ட் போயிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன்; உடனே அணைந்தது. பேட்டரி செத்துப்போய், லேப்டாப் சார்ஜரை மட்டுமே நம்பி ஓடிக்கொண்டிருந்தது. மலையில் மழைக்காற்று அடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். அப்டேட் பாதியில் இருக்கும்போது ஒருமுறை போனால் போதும், சிஸ்டம் பைல்கள் சிதைந்து அடுத்த பூட்டில் கிராஷ். பேட்டரியை மாற்றிய பின் அந்தத் தொல்லை நின்றது.

ஹார்ட் டிஸ்க் பழுதும் இதே போல ஏமாற்றும். பார்மட் செய்தவுடன் சில வாரம் ஓடும், பிறகு விழும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும். எச்சரிக்கை காட்டினால் முதல் வேலை பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி செய்வதுதான். அதற்கு முன் செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை அது மேலும் வருத்தும்.

நாம் கேட்க வேண்டியவை

பூட் ஆகாத கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியே தானாகத் திருத்தம் பெறும் வசதியை மைக்ரோசாப்ட் 2025ல் விண்டோஸ் 11ல் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் சிக்னல் தேடி மேட்டில் ஏற வேண்டிய ஊர்களில் அதை நம்பியிருக்க முடியாது. லேப்டாப் நன்றாக இருக்கும் நாளிலேயே 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரெகவரி டிரைவ் தயாரித்து வைப்பதே பாதுகாப்பு. புதிய லேப்டாப்களில் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அதன் 48 இலக்க ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் பைல்கள் உங்களுக்கே கிடைக்காமல் போகலாம்.

பார்மட் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் ஊறிப்போன சிஸ்டத்துக்கு அதுவே சரியான வழி. ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். சர்வீஸ் கடைக்காரர்கள் பில்லில் ஸ்டாப் கோட் என்ன, கண்ட காரணம் என்ன என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். பைல்களை காப்பி எடுக்காமல், உரிமையாளரைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது. மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும் அரசும், கொடுக்கும் நாளிலேயே அரை நாள் ஒதுக்கி சேப் மோடு, பேக்கப், ரெகவரி பென்டிரைவ் மூன்றையும் கற்றுத் தரலாம். மலை மேல் இருக்கும் பள்ளிகளில் இதை முதலில் தொடங்க வேண்டும்.

அடுத்த முறை "பார்மட் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், "எதனால் கிராஷ் ஆச்சு, அதை முதலில் சொல்லுங்க" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.